நாற்பது பக்கத்தில் அவளுக்கு மூன்று வசனம்

அக்காவின் மூக்கு நுனியில் எப்போதும் கொஞ்சம் மை ஒட்டியிருக்கும். மட்டமான தாளில் அச்சான ஜப்பானிய மங்கா புத்தகங்களை அவள் மூக்கு இடிக்கும் தூரத்தில் வைத்துத்தான் படிப்பாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை குறைவு. கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடுகிற குறை அல்ல. கண்மணிகள் ஓர் இடத்தில் நிற்காமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரில் வருவது யார் என்று தெரிய, அந்த முகம் அவளுக்கு ஒரு முழத்துக்குள் வந்தாக வேண்டும். பள்ளிப் பாடநூல்களின் சின்ன எழுத்தும் வெளிறிய படங்களும் அவளை வாட்டின. மங்காவில் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளைத் தாளில் கெட்டிக் கறுப்புக் கோடு. வலது மூலையில் பூதக்கண்ணாடியை வைத்து, கட்டம் கட்டமாக இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போவாள். அவள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் மூன்று பக்கம் படித்துவிடுவேன். ஆனால் நான் பார்க்காததையெல்லாம் அவள் பார்த்திருப்பாள். பின்னணியில் ஒரு மேசையின் கால் உடைந்திருப்பது, கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருப்பது, எல்லாம் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் அம்மா விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு அவள் மூக்கைத் துடைத்து அனுப்புவார். அப்படியும் மிச்சம் இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் அப்போது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் ஓர் ஊரில் இருந்தோம். ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் தலைகுனிந்துகொள்வார்கள், மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சீன ஆண்ட்டி மங்கா புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்து வந்தார். எல்லாம் மலாய் மொழியில் வந்தவை. அக்காவுக்காக, அச்சு அழுத்தமாக விழுந்த பிரதியாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருப்பார். அக்கா பந்து விளையாட்டுக் கதைகளை விரும்பிப் படிப்பாள், பேய்க் கதைகளைப் படிப்பாள். ஆனால் தேடிப்பிடித்து எடுத்தது பள்ளிக்கூடக் கதைகளைத்தான். அதிலும் வகுப்பில் ஒருத்தரை எல்லோரும் சேர்ந்து வதைக்கிற கதைகள். இங்கே நாங்கள் அதைப் பகடிவதை என்கிறோம். இதை ஏன் போய்ப் படிக்கிறாய், பள்ளியில் பட்டது போதாதா என்று அம்மா கேட்பார். அக்கா பூதக்கண்ணாடியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவாள்.

என்னிடம் மட்டும் ஒரு முறை சொன்னாள். "இவனுங்க பொய் சொல்லல. அதுக்காகத்தான் படிக்கிறேன்." அது உண்மைதான். எங்கள் தமிழ்ப் பாடநூல்களில் எல்லாப் பிள்ளைகளும் கைகோத்து மரம் நட்டார்கள். மங்காவில் மேசை மீது அசிங்கமாகக் கிறுக்கி வைத்தார்கள், காலணியை ஒளித்து வைத்தார்கள், ஒரு பெண் உள்ளே வந்ததும் மொத்த வகுப்பும் பேச்சை நிறுத்தியது, ஆசிரியர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சன்னலைத்தான் அக்கா எனக்குக் காட்டினாள். ஒரு முழுக் கட்டம். ஆசிரியரின் முதுகு, சன்னல், வெளியே வெறும் வானம். "பார்த்தியா, சாருக்கு மேகம் பார்க்கணுமாம்" என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. தன் வகுப்பை ஒரு ஜப்பானியர் எப்படியோ பார்த்துவிட்டார் என்ற ஆறுதல் அவள் குரலில் இருந்தது. அந்த ஆறுதலை ஊரில் வேறு யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, என்னையும் சேர்த்து.

ஆனால் அந்தக் கதைகள் பாதிக்கு மேல் வேறு பாதையில் போகும். காது கேட்காதவளோ, சக்கர நாற்காலியில் இருப்பவளோ, கண் தெரியாதவளோ, வதைபட்டவள் மெல்லப் பின்னால் போய்விடுவாள். வதைத்தவனுக்குத் தூக்கம் போய்விடும். அவன் மழையில் நடப்பான். அவன் கண்ணீருக்கு முழுப் பக்கம் கொடுப்பார்கள். அவளோ காற்றில் முடி பறக்க, தேவதை மாதிரி நின்றுகொண்டிருப்பாள். கோபப்பட மாட்டாள், பொறாமைப்பட மாட்டாள், கூடப் படிக்கிறவளைப் பற்றிப் புறம்பேச மாட்டாள், சளி பிடித்து மூக்கைச் சிந்தக்கூட மாட்டாள். கடைசியில் அவன் தலைகுனிந்து நிற்க, இவள் புன்னகையோடு கையை நீட்ட, பூ உதிர, கதை முடியும். எல்லாக் கதையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. முரட்டுத்தனமான, அழுகையில்லாத நல்ல கதைகளும் உண்டு, அவற்றை அக்கா மூன்று நான்கு முறை வாடகைக்கு எடுத்துப் படித்தாள். பெரும்பாலானவை இப்படி முடிந்தன. "பாதி வரைக்கும் அவ கதை, அப்புறம் அவன் கதை" என்று சொல்லி அக்கா புத்தகத்தை விட்டெறிவாள். எதையும் விட்டெறியாத பெண் அவள். எறிந்தால் மறுபடி தேடி எடுப்பது அவளுக்கு எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

இனி பள்ளிக்கு வருகிறேன். அக்கா ஆறாம் ஆண்டு, நான் நான்காம் ஆண்டு. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஒரு லொங்காங் ஓடியது, பெரிய சாக்கடைக் கால்வாய், ஆள் இறங்கினால் மார்பளவு ஆழம். அதைக் கடந்துதான் கழிப்பறைக்குப் போகவேண்டும். மேலே போட்டிருந்த சிமெண்ட் மூடி உடைந்துபோய், யாரோ ஒரு பலகையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அக்கா அந்த வழியைக் காலடி எண்ணித்தான் போவாள். வெள்ளைத் தூணிலிருந்து பதினோர் அடி, பிறகு பலகை. அவள் எண்ணுவது அவள் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தெரியும். அவள் கண் ஆடுவதைப் போல் ஆடிக்காட்டி வகுப்பையே சிரிக்க வைப்பவன், பூதக்கண்ணாடியை ஒளித்து வைப்பவன், நன்றாகவும் படிப்பவன். ஓய்வு நேரத்தில் அவனும் இரண்டு பேரும் பலகையை மூன்றடி தள்ளி வைத்துவிட்டு, சுவர் ஓரமாய் நின்று காத்திருந்தார்கள். அக்கா பதினோர் அடி எண்ணினாள். பன்னிரண்டாவது அடியில் விழுந்தாள். முன்பல் இரண்டு போயின, கீழ் உதட்டில் நான்கு தையல். சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் அம்மா ஒருவர் லொங்காங்கில் இறங்கித் தூக்கினார். பூதக்கண்ணாடி கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்களுக்குள் எந்தச் சண்டை நடந்தாலும் திங்கட்கிழமை சபைக்கூடலில் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கில் மன்னிப்புக் கேட்க வைத்து, மன்னித்தேன் என்று சொல்ல வைத்து, கைகுலுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். படம் அறிவிப்புப் பலகையில் 'சமாதானம்' என்ற தலைப்பில் தொங்கும். ஒரு புத்தகத்துக்காக அடித்துக்கொண்ட பையன்களுக்கும் இதுதான், அக்காவுக்கும் இதுதான். கட்டொழுங்கு ஆசிரியர் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்தார். கெட்ட மனிதர் அல்ல, சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது.

அவன் மன்னிப்புக் கேட்டான். மனப்பாடச் செய்யுள் மாதிரி தங்குதடையில்லாமல் சொன்னான். ஆசிரியர் மைக்கை அக்காவின் வாயருகில் கொண்டுபோனார். "மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா." அக்கா பேசவில்லை. உதட்டில் தையல் இருப்பதால் பேச முடியவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அன்று காலை வீட்டில் எனக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை என்று ஏசிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆசிரியர் இன்னொரு முறை கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறுநூறு கால்கள் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவர் வரிசைகளைப் பார்த்து, "தங்கச்சி நாலாம் ஆண்டுலதான இருக்கு? வாம்மா மேல" என்றார். நான் போனேன். "அக்கா மன்னிச்சிட்டாங்கதான?" என்று என்னிடம் மைக்கை நீட்டினார்.

"ஆமா சார்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியர் என் தலையைத் தடவினார். படம் எடுத்தார்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று படிப்பவர்களில் யாராவது இரக்கப்படலாம். எனக்குத் தெரியும். அவள் மன்னிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்காக அல்ல, அவளுடைய தங்கை என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்களே என்று. சீக்கிரம் வரிசைக்குத் திரும்பிப் போகவேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அன்று மாலை அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மொதல்ல யாரு கை தட்டினது?" தெரியலை என்றேன். அதுவும் பொய். முதலில் தட்டியவன் அவன்தான்.

இப்போது அக்கா கெலாங் பாத்தாவில் இருக்கிறாள். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. லாரி ஓட்டுநர்கள் அவள் குரலுக்குப் பயப்படுவார்கள் என்று கேள்வி. மங்காவை இப்போது கைக்கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறாள். நான் ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். ஞாயிறுகளில் அவள் வீட்டுக்குப் போவேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடத்தும் வாசகர் வட்டத்தில் நானும் உண்டு. போன ஆண்டு அவர் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் படக்கதைப் போட்டி வைத்தார். தலைப்பு, பகடிவதை. பக்க வடிவமைப்பு தெரிந்தவள் என்று என்னை நடுவராகப் போட்டார். வந்தவை எல்லாமே மங்கா பாணி. தமிழில் எழுதிவிட்டுக் கட்டங்களை மட்டும் ஜப்பானிய முறையில் வலமிருந்து இடமாக அடுக்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் ஒரு கதையை முடிவிலிருந்து படித்துவிட்டு, பையன் புதுமையாக எழுதியிருக்கிறான் என்று பாராட்டினார்.

அவருக்கு மிகவும் பிடித்தது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வரைந்த நாற்பது பக்கக் கதை. கோடுகள் அவ்வளவு நேர்த்தி. கண் தெரியாத ஒரு சிறுமியைக் கேலி செய்யும் பையன், மழையில் அவள் கால் வழுக்கி லொங்காங்கில் விழுகிறாள், அவன் குதித்துக் காப்பாற்றுகிறான், மனம் திருந்துகிறான், பள்ளி மேடையில் மன்னிப்புக் கேட்கிறான், அவள் கண்ணை மூடியபடி புன்னகைத்து 'மன்னிச்சிட்டேன்' என்கிறாள். அவன் வளர்ந்து பெரியவனாகி மற்றவர்களைத் திருத்துகிறான். கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'இது என் அப்பாவின் உண்மைக் கதை. மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம்களில் அவர் இதைச் சொல்லும்போது எல்லோரும் அழுவார்கள்.' தலைமையாசிரியரும் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல் பரிசு இதுக்குத்தான். அப்பாவையும் மேடைக்குக் கூப்பிடுவோம். அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் சிறப்பா இருக்கும்" என்றார். நான் மேடையைப் பார்த்துவிட்டேன். எங்கள் பள்ளி மேடை, வெள்ளைத் தூண், சிற்றுண்டிச்சாலை. தையல் போட்ட உதடு மட்டும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மூடவில்லை. "அந்தப் பொண்ணு எங்க அக்கா. இது பொய்" என்று சொல்லிவிட்டேன். பொய் என்பது அவர் காதில் விழவே இல்லை. எங்க அக்கா என்பது மட்டும் விழுந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் செய்த முட்டாள்தனம் புரிந்தது. அக்காவை மறுபடியும் மேடை ஏற்ற நானே வழி செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கதையின் பிரதியை அக்காவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விளக்கடியில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் படித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு முறை மட்டும், "நானே வழுக்கி விழுந்தேனாம்" என்றாள். முடித்துவிட்டு, "நல்லா வரையுது லா அந்தப் புள்ள. கை எல்லாம் எவ்ளோ சரியா போட்டிருக்கு" என்றாள். பிறகு கேட்டாள். "நாப்பது பக்கத்துல அவளுக்கு எத்தன வசனம் தெரியுமா? மூனு. 'யாரு அங்க?' 'பரவாயில்ல.' 'மன்னிச்சிட்டேன்.' பேரு கூட இல்ல. கண்ணையும் மூடியே வெச்சிருக்கு. நான் என்னா, தூங்கிக்கிட்டா பள்ளிக்கூடம் போனேன்?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இந்தக் கதையெல்லாம் யாருக்காக எழுதுறாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அடிச்சவன் படிச்சிட்டு நல்லா இருக்கறதுக்கு. அடி வாங்கினவளுக்கு அதுல வேல என்னா? மன்னிக்கிற வேல. சம்பளம் இல்லாத வேல."

அதைக் கேட்டு இத்தனை நாள் ஆகியும் என் கொதிப்பு அடங்கவில்லை. திருந்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் செய்ததற்கு ஒருவன் ஆயுள் முழுவதும் தலைகுனிந்து நிற்கவேண்டும் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. திருந்திக்கொள்ளட்டும், தாராளமாக. ஆனால் அந்தத் திருத்தத்துக்குச் சாட்சியாக அவள் எதற்கு வரவேண்டும்? ஏறிப் போக ஒரு படிக்கட்டு வேண்டுமென்றால் சொந்தத்தில் கட்டிக்கொள்ளட்டும். உடல் குறையுள்ளவர்களைக் கதையில் வைப்பவர்கள், அது ஜப்பானாக இருந்தாலும் ஜொகூராக இருந்தாலும், அவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். நல்லவளாக இல்லாவிட்டால் அவள் பட்டது வலியில்லையா? அக்கா நல்லவள் இல்லை. கோபக்காரி, பிடிவாதக்காரி, அத்தை மகளின் கல்யாணத்தில் சாம்பார் சரியில்லை என்று மணமேடைக்குக் கேட்கும்படி சொன்னவள். அவளை வைத்து யாராவது மங்கா வரைந்தால் நான் வாங்குவேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் அந்த அப்பா வந்தார். நான் இவ்வளவு நேரம் அவன் என்று எழுதினேன், இப்போது அவருக்கு நரை வந்துவிட்டது. தலைமையாசிரியர்தான் யாரிடமோ விசாரித்து முகவரி கொடுத்திருக்கிறார். பழமும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டோடு, பெண் பார்க்க வருகிற மாதிரி வந்தார். கூடவே படம் வரைந்த மகள், கையில் தொலைபேசி. வாசலிலேயே அக்காவின் குரலைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார். நடிப்பு என்று சொல்லமாட்டேன். கண்ணீர் நிஜம்தான். உட்கார்ந்ததும், "சிஸ்டர், ஒரு சின்ன வீடியோ மட்டும் எடுத்துக்கலாமா? முகாம்ல போட்டா பிள்ளைங்களுக்குப் பாடமா இருக்கும்" என்றார். மகள் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, வாங்கிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"கேக்கத்தான் சிஸ்டர்."

"அப்ப கேளுங்க. என்ன செஞ்சீங்கன்னு சொல்லிட்டுக் கேளுங்க."

"அந்த வயசுல... கேலி, கிண்டல்... உங்க மனச நோகடிச்சேன்..."

"பலகை?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் கேட்டாள். "எந்தப் பலகைப்பா?"

அவள் மறுபடி கேட்டாள், இந்த முறை அக்காவிடம். அக்கா சொன்னாள். வெள்ளைத் தூண், பதினோர் அடி, மூன்றடி தள்ளி வைத்த பலகை, சுவரோரம் நின்ற மூன்று பேர், லொங்காங்கில் இறங்கிய சமையற்கார அம்மா. லாரி ஓட்டுநருக்கு வழி சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அந்தப் பெண் பாதியிலேயே தொலைபேசியை அணைத்துவிட்டாள். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. அவர், "சின்ன வயசு சிஸ்டர், தெரியாம செஞ்சது. நீங்கதான் அன்னிக்கே பெரிய மனசோட மேடையில மன்னிச்சிட்டீங்களே. அந்த வார்த்தைதான் என்னை மாத்திச்சி. இன்னைக்கு வரைக்கும் காதுல கேக்குது" என்றார்.

இதற்கு மேல் நான் சும்மா இருக்க முடியவில்லை. "அவ சொல்லல. அவ வாயவே தொறக்கல. ஆமான்னு சொன்னது நான்" என்றேன்.

"இல்ல சிஸ்டர், அவங்கதான் சொன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்தைந்து வருடமாக முகாம் முகாமாகச் சொல்லிச் சொல்லி, அக்காவின் வாயில் அந்த வார்த்தையை அவரே வைத்து, அவரே கேட்டு, அவரே நம்பியிருக்கிறார். பலகையை மறந்திருக்க மாட்டார். சொல்லாமல் விட்டுவிட்டு, விட்டதை மகளுக்கும் சொல்லாமல் வளர்த்திருக்கிறார். அதற்கெல்லாம் அடியில் ஒரு நான்காம் ஆண்டுப் பிள்ளையின் 'ஆமா சார்' கிடக்கிறது. நான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது. மன்னிப்பு இல்லாமலே திருந்த வேண்டிய கஷ்டமாவது அவருக்கு வந்திருக்கும்.

அக்கா எழுந்து நின்றாள். "நீங்க திருந்தினது சந்தோசம். உங்க வீட்டுக்கு நல்லது. என்னை மேடைக்குக் கூப்பிடாதீங்க, என் கதைய எங்கயும் சொல்லாதீங்க. நான் உங்கள மன்னிக்கல. தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் காலணி மாட்டும்போது அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்தாள். "ஆண்ட்டி, உங்க பேரு என்னா? அப்பா சொன்னதே இல்ல" என்றாள். அக்கா தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் அதை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாளே அவள் தன் கதையைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். தலைமையாசிரியருக்கு என் மீது வருத்தம். "நல்லது ஒன்னு நடக்க இருந்துச்சி. ஒரு வார்த்தைதானம்மா, சொல்லிட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்று நான் சொன்னேன் சார், என்ன குறைந்தது என்று எங்கள் அக்காவிடம் கேளுங்கள் என்றேன். அதற்குப் பிறகு வாசகர் வட்டத்திலிருந்து எனக்கு அழைப்பு வருவதில்லை.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று அவர்கள் கார் புறப்பட்ட சத்தம் கேட்டதும் எனக்குள் ஒரு பெருமிதம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர் முகத்துக்கு நேராக, அவர் மகளுக்கு முன்னால். கண் கலங்கியது. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பாள், என் தலையைத் தடவுவாள், விடு லா என்பாள் என்று காத்திருந்தேன்.

அக்கா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இப்பவே வேணுமா உனக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு முகம் சுட்டது. "வேணாம்" என்றேன்.

"அப்ப இரு."

எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் போகிறேன், சமைக்கிறோம், சண்டை போடுகிறோம், அவள் படித்த கதைகளைப் பற்றிப் பேசுகிறோம். அவள் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.